ஜிரிமா, ஜிசிமா? படிவம் 4 பிள்ளைக்கு மோல் கணக்கை எப்படிச் சொல்லித் தர்றது?

இட்லிக்கடை · ஞாயிறு இரவு 10:12

வணக்கம். மலேசியாவுல சுங்கை சிப்புட்ல காலையில இட்லி, தோசைக் கடை போடுறேன். மகள் இந்த வருசம் படிவம் 4, சயன்ஸ் ஸ்ட்ரீம். தமிழ்ப்பள்ளியில ஆறாம் ஆண்டு வரைக்கும் அறிவியலைத் தமிழ்ல நல்லாப் படிச்ச பிள்ளை. இப்ப எல்லாம் மலாய்ல. போன வாரம் டெஸ்ட் பேப்பர் கொண்டாந்தா. ஜிரிம்னு எழுத வேண்டிய இடத்துல ஜிசிம், ஜிசிம்னு எழுத வேண்டிய இடத்துல ஜிரிம். பேப்பர் பூரா சிவப்பு.

அதைக்கூட விடுங்க. "ஒரு மோல் தண்ணி எவ்வளவு?"ன்னு கேட்டா டக்குனு "18 கிராம்"ங்கிறா. ஏன் 18, ஏன் 20 இல்லன்னு கேட்டேன். "புக்ல அப்படித்தான்மா போட்டிருக்கு"ன்னுட்டா. நான் படிவம் 3-ஓட நின்னவ, எனக்கு கெமிஸ்ட்ரி வாசனையே கிடையாது. ஆனா தினம் அரிசியும் உளுந்தும் நிறுத்துப் போடுறவ. ஒரு கணக்கு ஏன் அப்படி வருதுன்னே தெரியாம ஒப்பிக்கிறதைப் பார்த்துக்கிட்டு இருக்க முடியல. எனக்குப் புரியற மாதிரி யாராவது சொல்லுங்க, நான் அவளுக்குச் சொல்லிக்கிறேன்.

சும்மா_வந்தவன் · ஞாயிறு இரவு 10:20

மனப்பாடம் பண்ணச் சொல்லுங்க அக்கா. எஸ்.பி.எம். பரீட்சையில ஏன்னு எவனும் கேக்க மாட்டான் லா.

ஈப்போ_வாத்தியார் · ஞாயிறு இரவு 10:51

கேட்பார்கள் தம்பி, இப்போதெல்லாம் நிறையவே கேட்கிறார்கள்.

அக்கா, முதலில் அந்த இரண்டு சொல். ஜிரிம் என்றால் பருப்பொருள். இடத்தை அடைத்துக்கொண்டு, நிறுத்தால் முள்ளை நகர்த்துகிற எதுவும் ஜிரிம்தான். உங்கள் இட்லி, தட்டு, மேலே பறக்கிற ஆவி எல்லாம் அதில் அடக்கம். வெளிச்சமும் சத்தமும் அடங்காது. ஜிசிம் என்பது அந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்கிற அளவு. தமிழ்ப்பள்ளிக் கணிதத்தில் 'பொருண்மை' என்று படித்திருப்பாளே, அதுதான் இது. அவளிடம் அப்படிச் சொன்னால் போதும், பழைய பாடம் ஞாபகம் வந்துவிடும். ஜிரிம் பொருள், ஜிசிம் அதன் அளவு.

18-க்கு: ஹைட்ரஜன் அணுவை 1 என்று வைத்தால் ஆக்சிஜன் அணு ஏறக்குறைய 16. தண்ணீர் மூலக்கூறில் ஹைட்ரஜன் இரண்டு, ஆக்சிஜன் ஒன்று. கூட்டினால் 18. இந்த 18-க்குப் பக்கத்தில் கிராம் என்று போடக்கூடாது. ஒரு தண்ணீர் மூலக்கூறு எத்தனை மடங்கு கனம் என்கிற ஒப்பீடுதான் அது. 1961 முதல் கார்பன்-12 அணுவைச் சரியாக 12 என்று வைத்து, அதில் பன்னிரண்டில் ஒரு பங்கோடு ஒப்பிடுகிறோம். மோல் கணக்குக்கு வரும்போதுதான் கிராம் வரும்.

இட்லிக்கடை · ஞாயிறு இரவு 11:05

ஜிரிம் ஜிசிம் விளங்கிடுச்சு சார், நன்றி. ஆனா ஒப்பீடு 18, அப்புறம் எப்படி 18 கிராம் ஆச்சு? நடுவுல ஒரு படி காணோமே.

கரவெட்டி · திங்கள் அதிகாலை 2:30

யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். உங்கட பொருண்மையை நாங்கள் 'திணிவு' எண்டுவம். தமிழ்நாட்டில அதே சாமானுக்கு 'நிறை'. எங்களுக்கு நிறை எண்டால் புவி இழுக்கிற விசை, அவைக்கு அது 'எடை'. ஒரு பாடசாலை விளக்கத்தை இணையத்தில வாசிக்கேக்க எந்த ஊர்த் தமிழ் எண்டு பாத்திட்டு வாசியுங்கோ. பிள்ளை மலாயில மட்டும் குழம்பேல்லை, தமிழுக்குள்ளயே மூண்டு பாதை இருக்குது.

அக்கா கேட்ட "ஏன் 20 இல்லை" நல்ல கேள்வி. அதை உண்மையாவே ஐம்பது வருசம் சண்டை பிடிச்சுத்தான் தீர்த்தவை. தண்ணியை உடைச்சு நிறுத்தால் ஹைட்ரஜன் 1 பங்கு, ஆக்சிஜன் 8 பங்கு. இதில ஒருத்தருக்கும் சந்தேகமில்லை. ஆனா மூலக்கூறுக்குள்ள எத்தினை அணு எண்டதை ஆர் எட்டிப் பாக்கிறது? விஞ்ஞானி டால்ட்டன் ஒண்டுக்கு ஒண்டு எண்டு எடுத்தார். அப்பிடியெண்டால் ஆக்சிஜன் 8, தண்ணி 9. அவகாட்ரோ 1811-இல, ஒரே வெப்பநிலையிலயும் அழுத்தத்திலயும் சம கனவளவு வாயுக்களில சம எண்ணிக்கை மூலக்கூறு இருக்கும் எண்டார். தண்ணியாகச் சேரேக்க ஹைட்ரஜன் ரெண்டு கனவளவு, ஆக்சிஜன் ஒண்டு. அப்ப ஹைட்ரஜன் அணு ரெண்டு, ஆக்சிஜன் 16, தண்ணி 18. ஒருத்தரும் காதில போட்டுக்கொள்ளேல்லை. 1856-இல மனுசன் செத்தும் போனார். 1860-இல ஜெர்மனியில கார்ல்ஸ்ரூ மாநாட்டில இத்தாலிக்காரர் கனிசாரோ அதைத் திரும்பத் தூக்கிப் பிடிச்ச பிறகுதான் சபை மெல்ல மெல்லத் திரும்பினது. உங்கட மகள் டக்கெண்டு சொல்ற 18 அப்பிடி வந்தது.

பழைய_கிராணி · திங்கள் காலை 6:40

அம்மா, நான் கெமிஸ்ட்ரி படிச்சவன் இல்ல. ரப்பர் தோட்டத்துல பால் ஸ்டோர்ல கிராணியா, அதாவது கணக்கு எழுதுறவனா இருந்தவன். உங்க பக்கத்து ஊர்க்காரன்தான், கோலா கங்சார்ல 1877-ல நட்ட ரப்பர் மரத்துல ஒண்ணு இன்னும் நிக்குதே, அந்தப் பக்கம். மோல் எனக்குத் தெரியாது. ஆனா நிறுக்கிறது வேற, உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சிக்கிறது வேறங்கிறது எனக்குத் தெரிஞ்ச அளவு வாத்தியாருக்கும் தெரியாது, கோவிச்சுக்காதீங்க சார்.

காலையில வெட்டுப் பால் பதினோரு மணி வாக்குல ஸ்டோருக்கு வரும். ஒரு ஆள் 40 கிலோ பால் கொண்டாந்தா 40 கிலோ ரப்பர்னு எழுத முடியுமா? பால்ல பாதிக்கு மேல தண்ணி. நூத்துக்கு முப்பது, முப்பத்தஞ்சுதான் ரப்பர். சம்பளத்துல கூடுதல் காசு ரப்பருக்குத்தான், தண்ணிக்கு இல்ல. அதனால மெட்ரோலாக் விடுவோம். தண்டு வச்ச மிதவை அது. ரப்பர் தண்ணியை விட லேசு. பால்ல ரப்பர் கூட இருந்தா பாலே லேசாயிடும், மிதவை இன்னும் கீழ முங்கும். தண்ணி கலந்த பால்ல மேல நிக்கும். தண்டுல கோடு பார்த்து எழுதணும்.

இதுல ஒரு சங்கதி. பால் மேல நுரை கட்டியிருக்கும். நுரையோட பார்த்தா கோடு தப்பாத் தெரியும். நுரையை விரலால ஒதுக்கி, குனிஞ்சு, கண்ணைப் பால் மட்டத்துக்குக் கொண்டாந்துதான் படிக்கணும். அவசரத்துல நின்னுக்கிட்டே படிக்கிற கிராணிங்க உண்டு. ஒருநாள் ஒரு வெட்டுக்காரம்மா என் கையைப் பிடிச்சு நிறுத்திச்சு: "ஐயா, குனிஞ்சு பாருங்க, நான் குனிஞ்சு வெட்டுன பால்." அன்னையிலேருந்து குனிஞ்சேதான் பார்த்தேன்.

சந்தேகம் வந்தா மாதிரி எடுப்போம். 10 கிராம் பாலை ஆசிட் விட்டு உறைய வச்சு, தகடா நசுக்கி, நல்லாக் காய வச்சுத் திரும்ப நிறுக்கணும். 3.2 கிராம் நின்னா நூத்துக்கு 32. அப்ப 40 கிலோவுல 12.8 கிலோ ரப்பர். அஞ்சு லிட்டர் தண்ணி ஊத்திக் கொண்டாந்தா வாளி 45 காட்டும், ரப்பர் அதே 12.8-தான், கணக்கு 28-க்கு இறங்கிடும். தண்ணி ஊத்துனவன் ஏமாத்துனது தன் தோளை மட்டும்தான்.

இன்னொண்ணு, வாளிக் கழிவு. வெறும் வாளியைத் தனியா நிறுத்துக் கழிக்கணும். நான் சின்னப் பையனா இருந்தப்ப ஒரு தோட்டத்துல வாளி எல்லாத்துக்கும் ஒரே கழிவு போட்டான், சின்ன வாளிக்கும் பெரிய வாளிக் கழிவு. எங்கம்மா சின்ன வாளி. எத்தனை வருசம் அப்படிப் போச்சோ.

இட்லிக்கடை · திங்கள் மதியம் 1:15

ஐயா, எங்கம்மாவும் பால் மரம் வெட்டுனவங்கதான். காண்டாக் கம்புல ரெண்டு வாளி தொங்க வச்சுக்கிட்டு வருவாங்க, அந்தத் தோள் தழும்பு கடைசி வரைக்கும் போகல. உங்க பதிவை மகளுக்கு வாசிச்சுக் காட்டுனேன். "அப்ப பால் சம்புரான், ரப்பர்தான் அதுக்குள்ள இருக்கிற பொருள்"னு அவளே சொன்னா. சம்புரான்னா கலவை.

வாத்தியார் சார், அந்தக் காணாமப் போன படி?

ஈப்போ_வாத்தியார் · திங்கள் இரவு 9:30

கிராணி ஐயா, கோபமே இல்லை. நான் வகுப்பில் கலவை நடத்தும்போது இனி உங்கள் மிதவையைத்தான் சொல்லப்போகிறேன்.

அக்கா, கடைச் சில்லறை டப்பா இருக்கும்தானே? புது 20 சென் காசு ஒன்று 4.18 கிராம். புது 10 சென் 2.98 கிராம். இரண்டிலும் நூறு நூறு எடுங்கள். ஒன்று 418 கிராம், மற்றது 298 கிராம். எண்ணிக்கை ஒன்றே, எடை வேறு. இப்போது தலைகீழாகப் போடுங்கள்: 20 சென் காசு மட்டும் உள்ள ஒரு பை 418 கிராம் இருந்தால், எண்ணாமலே நூறு காசு என்று சொல்லிவிடலாம். பழைய வன்பொருள் கடையில் ஆணியைக் காத்தி என்ற பழைய எடைக் கணக்கில் நிறுத்துக் கொடுத்தார்களே, யாராவது ஒவ்வொன்றாக எண்ணினார்களா?

மோல் என்பது அந்த 'நூறு' மாதிரி ஓர் எண்ணிக்கைதான், டஜன் மாதிரி. ஆனால் மூலக்கூறு கண்ணுக்குத் தெரியாத பொடி என்பதால் எண் மிகப் பெரியது: 6.022 பெருக்கல் 10-இன் 23-ஆம் அடுக்கு. அந்த எண்ணை ஏன் அப்படி வைத்தார்கள் என்றால், 12 கிராம் கார்பன்-12-இல் இருக்கும் அணுக்கள் அவ்வளவு. கார்பனுக்கு 12 என்ற ஒப்பீடு 12 கிராமோடு பொருந்திவிட்டதா? தண்ணீர் மூலக்கூறு அதே ஒப்பீட்டில் 18. அதே எண்ணிக்கை தண்ணீர் மூலக்கூறுகளைக் குவித்தால் 18 கிராம்தான் வந்தாக வேண்டும். காணாமல் போன படி இதுதான்.

18 கிராம் தண்ணீர் என்பது ஒரு மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் கூட. 180 மில்லி தம்ளர் நிறைய தண்ணீர் 10 மோல். சீனி 342 கிராம் எடுத்தால் ஒரு மோல். உப்பு 58.44 கிராம். உப்பில் தனித்தனி மூலக்கூறு கிடையாது, சோடியமும் குளோரினும் அடுக்கடுக்காக நிற்கும், அதனால் அதற்கு வாய்பாட்டு நிறை என்பார்கள். பரீட்சையில் அந்தச் சொல் முக்கியம்.

சும்மா_வந்தவன் · திங்கள் இரவு 9:41

அவகாட்ரோ உக்காந்து 6.022 எண்ணியிருக்கான் பாரு, வேலை இல்லாத ஆளு.

கரவெட்டி · திங்கள் இரவு 11:58

அவர் எண்ணேல்லை, அந்த எண்ணே அவருக்குத் தெரியாது. முதல் மதிப்பீட்டுக்கு வழி போட்டது லொஷ்மிட், 1865. அவகாட்ரோவின்ர பேரை அந்த எண்ணுக்கு வைச்சது பெரான், 1909. தண்ணிக்குள்ள மிதக்கிற நுண்துணிக்கைகளை நுண்நோக்கியில பாத்துக் கணக்குப் பண்ணினவர், 1926-இல நோபல். 2019 மே 20-இலயிருந்து அந்த எண்ணை அளக்கிறதில்லை, 6.02214076 பெருக்கல் 10-இன் 23-ஆம் அடுக்கு எண்டு நிலையாக்கி மோலை அதிலயிருந்து வரையறுக்கினம்.

இட்லிக்கடை · செவ்வாய் இரவு 8:20

சார், உங்க கணக்கு தப்பு! சில்லறை போட்டு வைக்கிற மைலோ டின்னைக் கவுத்து 20 சென் நூறு எண்ணி, மாவு நிறுக்கிற டிஜிட்டல் தராசுல போட்டோம். 418 வரணும், 431 காட்டுது. மூணு தரம் போட்டாச்சு. தராசு நல்ல தராசுதான், ஒரு கிலோ சீனி பாக்கெட் சரியாக் காட்டுது.

ஈப்போ_வாத்தியார் · செவ்வாய் இரவு 8:34

காசெல்லாம் மஞ்சளா? வெள்ளைக் காசு கலந்திருக்கிறதா பாருங்கள்.

இட்லிக்கடை · செவ்வாய் இரவு 8:52

ஒன்பது பழசு இருந்துச்சு! 2012-க்கு முன்னாடி வந்த பெரிய வெள்ளைக் காசு. அதை எடுத்துட்டு மஞ்சளாவே ஒன்பது போட்டதும் 418. அப்படின்னா பழசு ஒவ்வொண்ணும் ஏறக்குறைய ஒன்றரை கிராம் கூட. நான் சிரிச்சுக்கிட்டு இருக்கேன், மகள் திடீர்னு "அம்மா, இது ஐசோடோப்"னா. ரெண்டுமே 20 சென்தான், கடையில ஒரே மதிப்பு, எடை மட்டும் வேறயாம். அவ சொல்றது சரியா சார்?

ஈப்போ_வாத்தியார் · செவ்வாய் இரவு 9:10

சரி என்ற சொல் போதாது. ஒரே தனிமத்தில் எடை மட்டும் வேறான அணுக்கள்தான் ஐசோடோப். 431-ஐ நூறால் வகுத்தால் 4.31. உங்கள் டப்பாவில் 4.31 கிராம் காசு ஒன்றுகூடக் கிடையாது, ஆனால் டப்பாவின் சராசரி அதுதான். குளோரினுக்குப் புத்தகத்தில் 35.45 என்று போட்டிருக்கும், பிள்ளைகள் 'அது என்ன அரைகுறை எண்' என்பார்கள். இயற்கையில் குளோரின் அணுக்கள் நூற்றில் 76 போல 35 வகை, 24 போல 37 வகை. 35.45 உள்ள ஒரு குளோரின் அணுவை யாரும் பிடிக்க முடியாது. இருபது வருடமாக வகுப்பில் கோலிக்குண்டு வைத்து நடத்துகிறேன், மைலோ டின் எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று. உங்கள் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. அதில் தண்ணீர் நிறுத்துவிட்டு 18.015 கிராம் என்று எழுதினால் அது பொய். 18 என்று எழுதுவதுதான் நேர்மை.

பழைய_கிராணி · புதன் காலை 6:15

அப்ப நம்ம ரப்பருக்கு அந்த மூலக்கூறு எண் எவ்வளவு சார்? இவ்வளவு வருசம் நிறுத்திருக்கேன், தெரிஞ்சிக்கிறேன்.

ஈப்போ_வாத்தியார் · புதன் மதியம் 2:40

ரப்பரின் அடிப்படை அலகு ஐசோபிரீன், ஐந்து கார்பன், எட்டு ஹைட்ரஜன். ரப்பரை அலசி அந்த 5-க்கு 8 விகிதத்தைக் கண்டது ஃபாரடே, 1826-இல். ஐந்து கார்பனுக்கு 60, எட்டு ஹைட்ரஜனுக்கு 8, ஆக 68. ரப்பர் அதன் நீண்ட சங்கிலி. ஆகவே 68-ஐ அலகுகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும்.

கையுறை_லேப் · புதன் இரவு 10:05

குறுக்கே வர்றேன், மன்னிக்கணும். ஒரு கையுறைத் தொழிற்சாலை லேப்ல வேலை பார்க்கிறேன். அமோனியா போட்டு, சுழற்றி 60 சதவீதமாக்குன பால்தான் எங்களுக்கு வரும்.

சார் சொன்னதுல ஒண்ணு சரிப்படாது. "அலகுகளின் எண்ணிக்கை"ன்னு ஒரு எண்ணே ரப்பருக்கு இல்ல. ஒரே மரத்துப் பால்ல, ஒரே சொட்டுல, ஒரு சங்கிலி ஆயிரம் அலகு, பக்கத்துல ஒண்ணு இருபதாயிரம். தண்ணி மூலக்கூறு எல்லாம் புதுக் காசு மாதிரி ஒரே அச்சு. ரப்பர் அப்படி இல்ல, கயிறு வெட்டுன துண்டுகள் மாதிரி. அதனால சராசரிதான் சொல்ல முடியும், அதுவும் ரெண்டு விதமா. ஒவ்வொரு சங்கிலியையும் ஒரு ஓட்டா எண்ணினா ஒரு சராசரி வரும். கனமான சங்கிலிக்குக் கனத்துக்குத் தக்க கூட ஓட்டு கொடுத்தா இன்னொரு சராசரி, அது எப்பவும் பெருசு. லட்சக்கணக்குல, பத்து லட்சம் தாண்டியும் போகும். இன்னொரு வேடிக்கை: ரப்பரை ரெண்டு உருளைக்கு நடுவுல விட்டுப் பிசைஞ்சா சங்கிலி அறுந்து குட்டையாகும், எண் இறங்கும், ரப்பர் மிருதுவாகும். எடை மட்டும் அப்படியே இருக்கும்.

ஈப்போ_வாத்தியார் · புதன் இரவு 10:30

திருத்தத்துக்கு நன்றி தங்கச்சி. பள்ளிப் பாடத்தில் அந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுவோம். நானும் அப்படியே குதித்துவிட்டேன்.

ஐயா ஊற்றின ஆசிட்டை வைத்து ஒரு கணக்கு போடலாம். ஃபார்மிக் அமிலம் 46, அசிட்டிக் அமிலம் 60. ஆக 46 கிராம் ஃபார்மிக்கும் 60 கிராம் அசிட்டிக்கும் ஒரே எண்ணிக்கை மூலக்கூறு. பாலை உறைய வைக்க ஃபார்மிக் குறைவாகப் போதும் என்பதற்கு அது காரணம்.

கையுறை_லேப் · புதன் இரவு 10:47

பாதிக் காரணம்தான் சார். ரப்பர்த் துகளைச் சுத்தி புரதத்தோல், அதுல எதிர்மின்னூட்டம், அதனாலதான் துகள்கள் ஒட்டாம மிதக்குது. ஆசிட்ல இருந்து கழன்டு வர்ற ஹைட்ரஜன் அயனி அந்த மின்னூட்டத்தை அடக்குது, அப்புறம் ஒட்டிக்கும். ஃபார்மிக் அசிட்டிக்கை விட வலுவான அமிலம், அதே எண்ணிக்கையில கூட அயனி கழட்டி விடும். எண்ணிக்கை மட்டும் பார்த்தா முழுக் கதை வராது.

பழைய_கிராணி · வியாழன் காலை 6:30

ஆசிட் கூடிப் போனா ஷீட்டு கெட்டியாயிடும், மெஷின்ல போடுறவன் திட்டுவான். அதுக்குத்தான் அளந்து ஊத்துனோம். ரப்பருக்கு ஒரே எண் இல்லைன்னு கேட்டதும் எனக்கு ஆச்சரியமா இல்ல. ஒரே நிரையில ரெண்டு மரம் ஒரே மாதிரிப் பால் விட்டதை நான் பார்த்ததில்ல.

சும்மா_வந்தவன் · வெள்ளி இரவு 11:20

சரி சரி, நானும் செஞ்சு பார்த்தேன். புது 10 சென் நூறு, பழசு ஒண்ணுகூட இல்ல, ரெண்டு தரம் எண்ணியாச்சு. 298 வரணும், எனக்கு 301. வாத்தியார் மூணு கிராம் எங்க லா?

ஈப்போ_வாத்தியார் · வெள்ளி இரவு 11:28

தராசு புதிதா? அழுக்கு, ஈரம்...

பழைய_கிராணி · சனி காலை 6:05

தம்பி, காசைப் பிளாஸ்டிக் பையில போட்டா நிறுத்தே?

சும்மா_வந்தவன் · சனி காலை 10:40

...ஆமா அங்கிள்.